ஹாலே மைதானம்

கேள்வி: மல்லாபூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் தெருவெல்லாம் லாரி. ஃபிளாட்டுக்குள் குழந்தை ஓடியாட இடம் போதுமா?

பதில்: இடத்தைவிட நேரம்தான் முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, 1 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலசைத்து விளையாட வேண்டும். 3 வயதிலிருந்து அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் ஆட்டமாக இருக்க வேண்டும். ஒரே தவணையில் அல்ல, நாள் முழுக்கப் பிரித்து. டீபாயைச் சுவரோரம் தள்ளினால் ஹால் தயார். கீழ்வீட்டாரின் கருத்தை அந்த நிறுவனம் கேட்கவில்லை.

கேள்வி: கைக்குழந்தைக்கு என்ன விளையாட்டு?

பதில்: குப்புறப் படுப்பதுதான். விழித்திருக்கும்போது, பெரியவர் பார்வையில், நாளுக்கு 30 நிமிடமாவது. கழுத்தும் தோளும் முதுகும் அதில்தான் உரம் பெறுகின்றன. பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவம் இதற்கு அடுத்த கட்டம்: கை ஊன்றி, தலை நிமிர்ந்து ஆடுவது. சப்பாணிப் பருவத்தில் கை கொட்டல், வருகைப் பருவத்தில் தளர்நடை. வளர்ச்சி அட்டவணையைப் புலவர்கள் முன்பே பாடிவிட்டார்கள். தடுப்பூசிக் குறிப்பு மட்டும்தான் அதில் இல்லை.

கேள்வி: தவழாமலே எழுந்து நடந்தால் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், 100-க்கு 4 குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. தனியாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், 17 மாதத்திலும் வரலாம். 18 மாதமாகியும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை 10 மாதத்தில் நடந்தது அந்த வீட்டுச் செய்தி.

கேள்வி: வாக்கரா, நடைவண்டியா?

பதில்: நடைவண்டி. வாக்கரில் குழந்தை தொங்கியபடி நுனிக்காலால் உந்துகிறது. சமநிலை காக்கும் வேலையை வாக்கர் பறித்துக்கொள்கிறது. படியில் உருண்ட விபத்துகளால் கனடா 2004-இல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. நடைவண்டியில் நிற்பதும் தள்ளுவதும் குழந்தையின் சொந்த உழைப்பு. வழுவழுப்பான டைல்ஸில் வண்டி முந்திக்கொண்டு ஓடும். பெரியவர் கூடவே நடக்க வேண்டும்.

கேள்வி: மழைநாளில் 4 வயதுக்காரரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: சாக்பீஸால் தரையில் பாண்டிக் கட்டம் போதும். நொண்டியடித்தால் ஒற்றைக்கால் சமநிலையும் தாவலும் ஒன்றாக வரும். டைல்ஸ் கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கலாம். தலையணை விட்டுத் தலையணை தாண்டலாம். பழைய சாக்ஸைச் சுருட்டினால் பந்து. எறியவும் பிடிக்கவும் கை பழகும், கண்ணாடியும் பிழைக்கும். வெறுங்காலோடு ஆடட்டும். பால்கனிக் கம்பியருகே கிடக்கும் நாற்காலியை மட்டும் இன்றே உள்ளே இழுத்துப் போடுங்கள்.