உறிஞ்சாமலே ஓய்வு

பழைய கார் சேர்ப்பவருக்கு ஊரில் தனி மரியாதை. பழைய கேமரா சேர்ப்பவரைத் தேடிவந்து பேட்டி எடுக்கிறார்கள். பழைய வாக்குவம் கிளீனர் சேர்ப்பவனை மட்டும், "வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று தணிந்த குரலில் விசாரிக்கிறார்கள்.

உண்மையில் இந்தப் பித்துக்கு நம் ஊர் சொர்க்கம். அமெரிக்காவில் பழைய மிஷின் என்றால் கம்பளத்தோடு முப்பது நாற்பது வருஷம் மல்லுக்கட்டி, பேரிங் தேய்ந்து, பிரஷ்ஷில் நாய்முடி சுற்றிக் கிடக்கும். இங்கே 1982-இல் யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கி, டை கட்டிய இளைஞர்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் படியேறினார்கள். நம் மெத்தையிலிருந்தே அழுக்கை எடுத்துக் காட்டினால் எந்த அப்பாவுக்குத்தான் ரோஷம் வராது? வாங்கிவிடுவார். மறுநாள் வேலைக்கார அம்மா பூந்துடைப்பத்தால் மொசைக் தரையை ஐந்தே நிமிஷத்தில் பெருக்கிவிட்டுப் போவார். மிஷின் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு பரணேறிவிடும்.

அதனால் காயலான் கடையில் எனக்குக் கிடைப்பவற்றில் மோட்டார் பெரும்பாலும் புதுசு. ரப்பர்தான் தொட்டால் அப்பளமாக நொறுங்கும். கிரீஸ் இறுகியிருக்கும். மற்றதெல்லாம் மிக்ஸி ரிப்பேர்க்காரர் கைக்குள் அடங்கும் வேலை. மிக்ஸியில் இருப்பதும் இதே கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்தான். எங்கள் தெருக்கோடிக்காரர் ஆர்மேச்சரை ஜீரோ நம்பர் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "இதுல என்ன சார் அரைப்பீங்க?"

என் மனைவிக்குத் தூசி ஆகாது. நான் அவளிடம் சரித்திரம் சொல்லிப் பார்த்தேன். 1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற இன்ஜினீயர், தூசியை ஊதுவதைவிட உறிஞ்சினால் என்ன என்று யோசித்து, நாற்காலி மெத்தையில் கைக்குட்டையை விரித்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தார். பிறகு அவர் செய்த மிஷினைக் குதிரை இழுத்து வந்தது. அது தெருவில் நிற்க, குழாய் மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போனது. "நல்ல மனுஷன், அதைத் தெருவோட நிறுத்தினாரே" என்றாள். ஓஹையோவில் துப்புரவு வேலை பார்த்த ஸ்பாங்ளருக்கு ஆஸ்துமா. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை மூன்றையும் சேர்த்து ஒரு கருவி செய்து 1908-இல் காப்புரிமை வாங்கினார், அதுதான் பிறகு ஹூவர் ஆனது என்றேன். "ஆஸ்துமா போகச் செஞ்சாரு அவரு. வரச் செய்யறீங்க நீங்க."

என் பெருங்கனவு 1950களில் வந்த ஹூவர் கான்ஸ்டெலேஷன். உருண்டையாக இருக்கும், தான் வெளியே தள்ளும் காற்றின் மீதே மிதந்து நகரும். "அது ஒண்ணாவது தானா வெளிய போயிடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த வேலையில் சுவாரசியமான கட்டம், பையைப் பிரிப்பது. உள்ளே ராஜீவ் காந்தி காலத்துத் தூசி அப்படியே இருக்கும். பெரும்பாலும் அந்த டெமோ நாளின் தூசி மட்டும்தான். ஒரு பையிலிருந்து ஹேர்பின், பல்லவன் பஸ் டிக்கெட், கூடவே தோட்டுத் திருகாணி ஒன்றும் விழுந்தன. தங்கம். அது தொலைந்த அன்று அந்த வீட்டில் யார்மேல் பழி விழுந்ததோ! பூந்துடைப்பக்கார அம்மா மேல்தான் விழுந்திருக்கும்.

அந்தத் திருகாணி யாருடையது என்று காயலான் கடைக்காரருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த மிஷின் வந்தாலும் பையை என் மனைவிதான் பிரிக்கிறாள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, செய்தித்தாள் விரித்து, விரல்விட்டு அலசி. "அந்தக் கடையில இன்னும் வந்திருக்கானு கேட்டீங்களா?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே நினைவூட்டுகிறாள். மோட்டார் ஓடுமா என்று மட்டும் இதுவரை கேட்டதில்லை.