கோப்பை எங்கே?

பழைய கோல்ஃப் சாம்பியன் ஒருவர் கோப்பையையே தொலைத்துவிட்டாராமே?

வால்டர் ஹேகனைத்தானே கேட்கிறீர்கள்? 1924 முதல் 1927 வரை வரிசையாக நான்கு முறை, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான அமெரிக்காவின் பி.ஜி.ஏ. போட்டியில் சாம்பியன். 1925-ல் வாங்கிய கோப்பையை டாக்சியில் ஏற்றி அனுப்பினார், அது போய்ச் சேரவில்லை என்பார்கள். தோற்றால்தானே யாராவது திருப்பிக் கேட்பார்கள்? 1928-ல் லியோ டீகல் அவரைக் கால் இறுதியிலேயே வீழ்த்திப் பட்டமும் வென்றார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான்கு வருடம் ஆட்டத்தைக் கோட்டை விடாதவர், கோப்பையைக் கோட்டை விட்டிருந்தார்! 1930-ல் டெட்ராய்ட்டில் ஒரு கிட்டங்கியில் அகப்பட்டது.

1916-ல் முதல் பி.ஜி.ஏ. போட்டியில் ஜெயித்தவருக்கு என்ன கிடைத்தது?

500 டாலர். ஜிம் பார்ன்ஸ் ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற ஜாக் ஹட்சிசனுக்கு அந்தக் குழி எவ்வளவு ஆழமாகத் தெரிந்திருக்கும்!

அந்தக் காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களை கிளப்புக்குள் விடமாட்டார்களாமே?

பந்து குழிக்குள் போகலாம். அடித்தவர் கதவுக்குள் போகக்கூடாது! 1920-ல் இங்கிலாந்தின் டீல் நகரில் நடந்த ஓபன் போட்டியில் இதே கதைதான். ஹேகன் சொகுசுக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கிளப் வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார். எனக்கு அவருடைய கோப்பைகளைவிட இந்தக் கார்தான் பெரிது.

அதே ஆண்டு ஆகஸ்டில், யு.எஸ். ஓபனை நடத்திய ஒஹாயோவின் இன்வர்னஸ் கிளப் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது. ஆட்டக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஆளுயரக் கடிகாரம் ஒன்றை வாங்கி அந்த கிளப்புக்குக் கொடுத்தார்கள். இன்றும் அது அங்கேதான் நிற்கிறது.