இருபதாவது வளைவுக்கு மேலே வாரண்டி செல்லாது

ஏற்காட்டை 1842ஆம் ஆண்டில் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் குறிப்புகளில் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மன்றோவோ 1827இலேயே பத்திகொண்டாவில் காலரா கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஒரு மனுஷன் எழுந்து வந்து, மலையேறி, "அட, இங்கே ஒரு ஊர் இருக்கே" என்றிருக்கிறார் என்றால் அந்தக் கடமையுணர்ச்சியைப் பாராட்டத்தான் வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்த மலையாளிப் பழங்குடி மக்களும் (காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்த கதையைச் சொல்கிறவர்கள், கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது) தங்களைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள்.

ஏற்காடு உட்கார்ந்திருக்கும் சேர்வராயன் மலைக்கு எதுவும் இப்படித்தான் வந்து சேரும். தேதி தப்பாக இருந்தாலும் ஆர்ப்பாட்டத்துக்குக் குறைச்சல் இருக்காது. ஏறி வந்த சாமான் கெட்டுப்போனால் பார்ப்பதற்கு மட்டும் ஆள் ஏறி வரமாட்டார். இந்த மலையின் இருநூறு வருஷத்துச் சரித்திரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அடிக்குறிப்பு.

காப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1820இலிருந்து 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அரேபியாவிலிருந்து கன்று தருவித்து இங்கே நட்டார். கூடவே ஆப்பிள், பேரி என்று ஒரு பழக்கடையையே வைத்துப் பார்த்தார். மனுநீதி நாளும் வாட்ஸ்அப் குழுவும் இல்லாத கலெக்டருக்கு நேரம் இருந்திருக்கிறது. காப்பி பிடித்துக்கொண்டது. பின்னாலேயே வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சியும் பிடித்துக்கொண்டது. 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கிளம்பியபோது, சிலோன் துரைமார்கள் சில வருஷம் முட்டி மோதிவிட்டுக் காப்பியையே அன்இன்ஸ்டால் செய்து தேயிலைக்கு மாறிவிட்டார்கள். நம் பக்கம் துரு வந்தது 1870 வாக்கில். தொழில்நுட்ப உதவிக்கென்று பாலஹொன்னூர் பக்கத்தில் ஆராய்ச்சி நிலையம் திறந்தது 1925இல். அங்கிருந்து எஸ்.795 என்ற ரகம் தோட்டங்களுக்குப் போனது 1940களில். புகார் கொடுத்தவருடைய பேரன் கையில் அப்டேட். இதோடு ஒப்பிட்டால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று அரை மணி நேரம் பியானோ வாசித்துக் காட்டுகிற கால் சென்டர்கள் தெய்வங்கள்.

ரிப்பேர் கலையில் தமிழ்நாட்டின் ஆகப்பெரிய சாதனையைச் சொல்ல, மலையிலிருந்து இறங்கித் தஞ்சாவூர் போகவேண்டும். (சர்வீஸ் என்றாலே இறங்குவதுதானே.) நில அளவைக்காரர் வில்லியம் லாம்டன், லண்டன் கருவிக் கம்மியர் கேரியிடம் செய்யச் சொன்ன தியோடலைட் என்ற கோணமானி அரை டன் கனம். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலை மடக்கி மொரீஷியசுக்கு ஓட்டிப்போனார்கள். பெட்டிக்குள் இருப்பது பீரங்கியல்ல, படிப்பாளி சாமான் என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். போர் நடக்கிற காலத்தில் எதிரி செய்து கொடுத்த இந்த டெலிவரிக்குப் பக்கத்தில் எந்தக் கூரியர் கம்பெனியும் நிற்க முடியாது. 1808இல் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி போய் மோதி நசுங்கியது. பிஸிகல் டேமேஜ், எந்த வாரண்டியிலும் வராது. லாம்டன் யாருக்கும் போன் போடவில்லை. திருச்சியில் கூடாரத்தை இழுத்து மூடிக்கொண்டு, ஆறு வாரம் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்தினார்.

அவருக்குப் பின்னால் அந்த அளவைப் பொறுப்புக்கு வந்த எவரெஸ்ட், 1830இல் ஹென்றி பாரோ என்ற கருவி நிபுணரை லண்டனிலிருந்தே கூட்டிவந்தார். ஆன்சைட் இன்ஜினீயர் என்றால் இதுதான். இருவருக்கும் முட்டிக்கொண்டு பாரோ போனார். அந்த நாற்காலிக்கு வந்தவர் ஆற்காட்டுக்காரரான சையது மிர் மோஹ்சின் உசேன். பாரோ விட்டுப்போன வேலையைச் செய்து முடித்து, சர்வேயின் கருவி நிபுணராகவே ஆனார். ஆதரைஸ்டு சர்வீஸ் கைவிட்டால் பாய் கடை காப்பாற்றும் என்பது நம்மூரில் அன்றே நிரூபணமான விஷயம்.

இனி மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வருஷ இலக்கே 9.12 லட்சம். டெண்டர் விட்டது அரசு நிறுவனமான எல்காட். லெனோவா, ஏசர், எச்.சி.எல். என்று கம்பெனிகள் வரிசைகட்டின. உள்ளே விண்டோஸ் ஒரு பக்கம், நம் நாட்டு பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். பாஸை எழுப்பிப் பார்த்த பிள்ளைகள் சொற்பம். ஏற்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெட்டி வந்து சேர்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவையும் அது ஒரே மூச்சில் ஏறிவிட்டது. ஆன் ஆகவில்லை என்றால் அதே இருபதையும் மடியில் வைத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கவேண்டியது பிள்ளையின் பாடு.

அங்கே போனாலும் சிக்கல். மூடியில் முதல்வர் படம். மடிக்கணினியைக் கழற்ற வேண்டுமானால் முதலில் கவிழ்த்துப் போடவேண்டும். 2011இல் அந்தப் படத்தைக் குப்புறப் போட்டு முதுகில் ஸ்க்ரூ டிரைவரை வைக்க எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும் என்பதை வாரண்டி அட்டை எழுதியவர்கள் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அப்புறம் "லிக்விட் டேமேஜ்" என்ற அயிட்டம். தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது. சரிதான், மேகமே ஜன்னல் வழியாக வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிற ஊரில் இந்த விதி எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை அமலில் இருக்கும்?

வீடு தேடி வரும் சேவையை ஏற்காடு ஒரே ஒரு தடவை முழுசாகப் பார்த்திருக்கிறது. 2013 டிசம்பர் 4, இடைத்தேர்தல். சட்டமன்ற உறுப்பினர் பெருமாளின் மறைவால் வந்தது. அமைச்சர் பெருமக்கள் தொகுதியிலேயே டேரா போட்டார்கள். என்ன குறை, எங்கே குறை, எப்போதிருந்து குறை என்று திண்ணை திண்ணையாக விசாரணை. டிக்கெட் நம்பர் இல்லை, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து இல்லை. பிரசாரத்தில் சொன்ன வாக்குறுதிகளுக்காகத் தேர்தல் ஆணையம் முதல்வருக்கே நோட்டீஸ் அனுப்பும் அளவுக்குச் சேவை பொங்கி வழிந்தது. தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதன்முதலில் வைக்கப்பட்டதும் இந்தத் தேர்தலில்தான்; "எங்கள் சேவையில் திருப்தியா?" என்று கேட்டு "இல்லை" என்பதற்கும் இடம்விட்ட ஒரே சர்வீஸ் கேம்ப். அ.தி.மு.க.வின் சரோஜா 78,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஓட்டு எண்ணி முடிந்தது, வண்டிகள் வரிசையாக இறங்கின, வாரண்டி காலம் அன்றோடு சரி.

அதே 2013இல் இன்னொரு கூத்து. தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஷிவ் நாடார் 1976இல் ஆரம்பித்த எச்.சி.எல்., கணினி தயாரிப்பையே விடப்போவதாக அறிவித்தது. பெட்டிக்கு வாரண்டி போவது சகஜம். பெட்டி செய்தவருக்கே வாரண்டி முடிவதற்கும் அட்டையில் ஒரு வரி போட்டிருக்கலாம். ஐ.பி.எம்.மின் கணினிப் பிரிவை 2005இல் லெனோவா வாங்கியது, சோனி வயோவை 2014இல் கைகழுவியது என்று இந்தக் குலத்துக்கே ஆயுசு ரேகை கொஞ்சம் மட்டு.

இப்போது வாங்கப்போகிறவர்கள் டெல் நல்லதா, எச்.பி. நல்லதா என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள். சமவெளிக்காரர்கள் நடத்தட்டும். மறுநாளே ஆளை வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தை டெல் அமெரிக்காவில் 1980களிலேயே ஆரம்பித்துப் பெயர் வாங்கியது, எச்.பி. அதையே கேர் பேக் என்று தனியாகக் காசுக்கு விற்கும். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் நீங்களே தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். ஆப்பிள் தன் சொந்தக் கடையை இந்தியாவில் திறந்ததே 2023இல், அதுவும் மும்பையில். யாரும் திறந்துவிடக் கூடாதென்று ஐந்து இதழ் ஸ்க்ரூ வேறு போட்டு முடுக்கி வைத்திருக்கும். என் மார்க் எல்லாம் எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்றுவது என்று கையேட்டை ஊரறிய வெளியிட்டு வைத்திருப்பவர்களுக்கு. திங்க்பேடுக்கு உண்டு, டெல், எச்.பி. அலுவலக மாடல்களுக்கு உண்டு. லாம்டனுக்கே அது கிடைக்கவில்லை, பாவம்.

கடையில் கேட்கவேண்டியது ஒரே கேள்வி. "636601 பின்கோடுக்கு ஆன்சைட் வருவீங்களா?" பதில் "ஆமாங்க" என்றால் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "செக் பண்ணிச் சொல்றேங்க" என்றால், பக்கத்துக் கடையில் நல்லதாக ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.