அழிக்க மனம் வராத அண்ணன்

புதுக்கோட்டை ராஜ வீதிகளிலும் ஆலங்குடிக் கடைத்தெருவிலும் லினக்ஸ் போட்ட டிடிபி கடைக்காரர் அபூர்வம். போட்டவர் தனி ரகம். உரிமக் கட்டணம் மிச்சம் என்று சி-டாக்கின் பாஸ் லினக்ஸுக்கு மாறியவர், மிச்சம் பிடிக்கும் பழக்கத்தை ஹார்ட் டிஸ்க்குக்கும் நீட்டிவிட்டார். கணினி 'இடமில்லை' என்றால் வைரஸ் என்பார். லினக்ஸுக்கு வைரஸே வராது என்று வாடிக்கையாளரிடம் அடித்துச் சொல்பவரும் அவர்தான். ஊர் இவரைச் சிக்கனக்காரர் என்கிறது. எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்கப் பயந்தவர் என்பது என் கட்சி.

அவர் திரையைப் பாருங்கள்: 'மொய் விருந்து ஃபைனல்', 'மொய் விருந்து ஃபைனல் புதுசு', 'மொய் விருந்து இதான் ஃபைனல்'. கேட்டால், "அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஆளு வருவாருண்ணே, தேதிய மட்டும் மாத்துனாப் போதும்" என்பார். கீரமங்கலம், வடகாடு பக்கம் ஒருவர் மொய் விருந்து வைத்தால் அடுத்தது ஐந்து ஆண்டு கழித்து என்பது வழக்கம். ஆகவே பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் ஆள் வரும் நாளில் கோப்பு அகப்படாது. புதிதாக அடித்து, அதற்கும் ஃபைனல் என்றே பெயர் வைப்பார். இத்தனைக்கும் ஒரு பத்திரிகைக்குச் சில எம்பி போதும். சத்தமில்லாமல் இடத்தை விழுங்குவது அவர் எட்டிப் பார்க்காத 'வார்' அடைவு: அப்டேட்டில் இறங்கிய பொதிகளும் மாதக்கணக்கான லாக்குகளும் அங்கே குவிந்திருக்கும். போதாததற்கு, பழைய கெர்னல்கள் வேறு. 'ஆப்ட் கிளீன்' பொதிகளைத் துடைக்கும், 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' தேவையற்ற கெர்னல்களை நீக்கும். எந்த அடைவு எவ்வளவு தின்கிறது என்று 'டியூ' சொல்லும். அவர் அதைக் கேட்கமாட்டார். கேட்டால் பதில் வந்துவிடுமே! என்றைக்காவது துணிந்து படங்களை அழித்தாலும் அவை குப்பைத்தொட்டி என்ற பெயரில் அதே டிஸ்க்கில்தான் கிடக்கும். ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைப்பதால் டிஸ்க் நிரம்பியும் கணினி எப்படியோ எழுந்துகொள்ளும். அது தம் கைராசி என்று அவருக்கு நம்பிக்கை.

திருக்கோகர்ணம் ஞானாலயா நூலகத்தில் கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் 1 லட்சம் நூல்களுக்கு மேல் சேர்த்தார்களே, அதையும் குறை சொல்வீர்களா என்று சிலர் மடக்கலாம். அங்கே இருப்பவற்றில் பல, எளிதில் கிடைக்காத முதற்பதிப்புகள். ஆய்வாளர் தேடிப் போனால் கைக்கு வருபவை. அண்ணன் காக்கும் பொதியோ இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறங்கும். பெரிய டிஸ்க் வாங்கினால் தீராதா? வாங்கினாரே! பழையதை அப்படியே அதில் 'பழசு' என்று நகலெடுத்தார். மூலத்தையும் அழிக்கவில்லை.

ஆகவே வாசகர்களே, உங்கள் கோப்பு அவரிடம் இருக்கும், ஆனால் கிடைக்காது. காசு கொடுக்கும்போதே பென்டிரைவை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.