நட வேண்டாம், வெட்டினால் போதும்

ஊரில் தோட்டம் போடுகிறவருக்கு வைத்தது முளைக்குமா என்று கவலை. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் முளைத்தது எப்போது நிற்கும் என்று கவலை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும். அது கிளம்புவதற்குள் வடகிழக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர், சென்னைக்கு இரண்டு வருஷத்துக்குக் காணும் மழை. துணிக்கொடி கட்டுவதற்காகக் கிளைரிசிடியா கம்பு ஒன்றை ஊன்றினால், ஆடி பிறப்பதற்குள் அது மரமாகி, துணிக்கு வெயில் கிடைக்காது.

ஆகவே, முதல் ஆலோசனை: எதையும் நடாதீர்கள். நர்சரிக்குக் கொடுக்கும் காசில் நல்ல அரிவாள் ஒன்று வாங்குங்கள். பூச்செடி இல்லாமல் மனசு கேட்காது என்றால், பக்கத்து வீட்டு வேலியில் செம்பருத்தி, குரோட்டன்ஸ் போத்து இரண்டு ஒடித்துவந்து வாசலில் எறியுங்கள். குத்தி வைத்தால் நல்லது. எறிந்தாலும் பாதிக்குப் பாதி பிழைத்துவிடும்.

புல்வெளி ஆசையை முளையிலேயே கிள்ளிவிடுங்கள். விஜய்நகர் கடற்கரைப் பக்கம் ரிசார்ட்டுகளில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறதே என்பீர்கள். இங்கே சூரியன் ஐந்து மணிக்கே எழுந்துவிடும். அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள்: ஒருவர் குனிந்து இலை பொறுக்கிக்கொண்டிருப்பார். விருந்தினர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வரும்போது அவர் இருக்க மாட்டார், புல்வெளி மட்டும் இருக்கும். குறைந்த உழைப்பில் அழகான தோட்டம் என்று எங்கே யார் சொன்னாலும், உழைப்பு யாருடையது என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

இந்தக் கலையில் வெள்ளைக்காரரை மிஞ்ச ஆளில்லை. 1858இல் அந்தமானில் கைதிக் குடியேற்றம் தொடங்கியபோது, போர்ட் பிளேர் எதிரே ராஸ் தீவைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டார்கள். காட்டை வெட்டியது கைதிகள். பிறகு மாதா கோயில், ரொட்டிக் கிடங்கு, டென்னிஸ் மைதானம், கிளப் எல்லாம் எழுந்தன. துரைகளின் வீட்டு வேலைக்கும் கைதிகளே. துரைசானிகள் நாற்காலியில் அமர்ந்தபடியே எண்பது வருஷத்துக்கு மேல் தோட்டக்கலை வளர்த்தார்கள். 1941இல் பூகம்பம், 1942இல் ஜப்பானியர். கப்பல் ஏறியவர்கள் தோட்டத்தை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ஆல் இனத்து மரங்கள் தாமாகப் பொறுப்பேற்றுக்கொண்டன. இன்றைக்குப் போனால் சுவர் எது வேர் எது என்று பிரிக்க முடியாது. கூரை போன கட்டடத்தை வேர்கள்தான் கட்டிப்பிடித்து நிறுத்தியிருக்கின்றன. தரையைப் புள்ளிமான்கள் ஒட்ட மேய்ந்து வைத்திருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் எடுத்து வந்து படம் பிடிக்கிறார்கள். மொத்தச் செலவு: ஒரு சாம்ராஜ்யம்.

(மானுக்கு ஆசைப்படாதீர்கள். அந்தமான் காட்டுக்கு அது சொந்தமில்லை. பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்டது. அடித்துத் தின்னப் புலியும் சிறுத்தையும் இங்கே கிடையாது. ஆகவே கன்றுகளைக் கடித்தே காட்டைக் கிழடாக்கிக்கொண்டிருக்கிறது.)

உழைக்காமல் இடம் பிடித்தவர்களில் நம் தீவுக்குப் பெயர் தந்தவரையும் சேர்க்க வேண்டும். ஜெனரல் ஹென்றி ஹேவ்லாக் 1857 நவம்பரில் லக்னோவில் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனார். இந்த மண்ணில் கால் வைத்ததே இல்லை. 2018இல் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றியாயிற்று, ஆனால் ஜெட்டியில் இன்னும் ‘ஹேவ்லாக், ஹேவ்லாக்’ என்றுதான் கூவுகிறார்கள்.

சரி, பார்த்துப் படிக்க நல்ல முற்றம் வேண்டுமென்றால், கோவிந்த் நகர், ஷ்யாம் நகர் பக்கம் நடந்து போங்கள். 1950களில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் ஊர்கள். வீட்டுக்கு முன்னால் மெழுகிய மண் தரை, நடுவில் துளசி மேடை, ஓரத்தில் வாழை, பின்னால் கமுகு. தரையில் ஒரு புல் இருக்காது. சாண் நீளப் பூரான் உலாவும் தீவில் இது அழகுக்காகச் செய்ததல்ல. வருவது போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘பராமரிப்பே வேண்டாம் போலிருக்கிறதே பௌதி’ என்று ஒரு வீட்டம்மாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த விளக்குமாற்றை என் பக்கம் நீட்டினார்.

நமக்கு அது ஆகாது. சம்பளமும் வாங்காமல் முறைக்கவும் செய்யாத வேலையாட்களைப் பிடிக்க வேண்டும். வேலிக்குப் பசலை. ஒரு தண்டு விழுந்தால் போதும், மூங்கில் தட்டி மறைந்துவிடும். வங்காளிகள் புயீ சாக் என்று இறாலோடு சமைப்பார்கள். மூன்று நாள் கேட்க ஆள் வராவிட்டால் நாமே பருப்பில் போட்டுக் கடையலாம். வாழையடி நிழலுக்குப் பர்மா தனியா. நீண்ட, ஓரம் பல் பல்லான இலை. வாசனை நம் கொத்தமல்லியை அதட்டும். ஒருமுறை பூத்து விதை சிந்திவிட்டால், பிறகு அதுவே வீட்டுக்காரர்.

வேண்டாத விருந்தாளி ஆப்பிரிக்க நத்தை, உள்ளங்கை நிறைய இருக்கும். யுத்த காலத்தில் ஜப்பானியர் கொண்டுவந்ததாகத் தீவு முழுக்கச் சொல்வார்கள். பப்பாளிக் கன்று, கீரை, பூச்செடி எதையும் விடாது. ராத்திரி டார்ச்சோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடலாம்; ஆனால் அது வேலை. நாலு வாத்து வளர்த்தால் குஞ்சு நத்தைகளை அவை பார்த்துக்கொள்ளும். ராத்திரி வாத்துகள் ஏன் கத்துகின்றன என்று பார்க்க எழுந்து போவதை உழைப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஜனவரிக்குப் பிறகு மழை ஒதுங்கிவிடும். சுற்றுலாக் கூட்டம் ஏறுகிற நேரம் பார்த்துக் கிணறு இறங்கும். விழுந்த ஓலை, மட்டை, பன்னாடை எல்லாவற்றையும் மரத்தடியில் குவியுங்கள். விவசாயத் துறைக்காரர் இதை மூடாக்கு என்பார், பார்க்கிறவர் குப்பை என்பார். நீங்கள் மூடாக்கு என்றே சொல்லுங்கள். கொட்டாங்குச்சியை மட்டும் கவிழ்த்துப் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழையில் கொசுப் பண்ணை. இதே மாதங்களில் முற்றம் பார்க்க அழகாக ஆவதற்குப் பாக்குதான் வழி. பழுத்த பாக்கைக் கொட்டிப் பரப்பினால் ஆரஞ்சு நிறத் தரை. நாள் ஆக ஆகப் பழுப்பாகும். நிறம் மாறும் முற்றம், கடைசியில் விற்றால் காசும்.

அலங்காரத்துக்குப் பவளத் துண்டு, சங்கு என்று கடற்கரையில் கை வைக்க வேண்டாம். பவளம் செத்துக் கரையில் ஒதுங்கிய துண்டானாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். பல சங்குகளும் அந்தப் பட்டியலில் உண்டு. மீறி வாசலில் வரிசையாக அடுக்கினாலும் நிலைக்காது. ராத்திரி முனிவன் நண்டு வரும், இருக்கிற வீட்டைவிட விசாலமாக ஒன்று தென்பட்டால் குடிமாறிக்கொண்டு போய்விடும். காலையில் வரிசையில் நல்ல சங்கு ஒன்று குறைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுக்கப் போகாதீர்கள். அது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.