ராசா வந்திருக்காரு, வரிசையில நிறுத்து!

அடே பேராண்டி, கொழும்புல கஸ்டமர் கேர் வேலை கிடைச்சிருச்சாமே! வர்றவங்களை ராசா மாதிரி நடத்தணும்னு பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்களாம். நல்லதுடா. இந்தக் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்துல ராசாவா இருந்தே தலை நரைச்சவன் நான். ரெண்டு வார்த்தை சொல்றேன், கேட்டுக்க.

கவுண்டர்ல உக்காந்ததும் தலையை நிமித்திராத. வந்தவன் ஒரு நாள் பேரை, அதான் நாள் சம்பளத்தை, விட்டுட்டு, பஸ்ஸுக்குக் காசு குடுத்து, பொட்டியில இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு வந்திருப்பான். மூஞ்சியப் பார்த்தா இரக்கம் வந்திரும். தாளைப் பார்த்தே பேசு. திங்கக்கிழமை வந்தா புதன்கிழமை வரச் சொல்லு. புதன் வந்தா போட்டோகொப்பி கேளு. அதை எடுத்துட்டு வந்தா, உனக்குச் சாப்பாட்டு நேரம்.

கணக்கு வழக்கை நம்ம கொழுந்துத் தராசுகிட்ட கத்துக்க. சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம்னு கழிச்சுக்கிட்டு, கடைசியில கிலோ பத்தலைன்னு அரைப்பேர் போடுவாங்க. காலையில இருந்து மலையில நின்னவ வாயைத் திறந்தா, ரூல்ஸைக் காட்டுவாங்க.

பாசை விசயத்துல ரொம்பக் கவனம். தமிழும் அரச கரும மொழின்னு 1987-லயே அரசியலமைப்போட 13-வது திருத்தத்துல எழுதியாச்சு. எழுதினது அங்கயே இருக்கட்டும், நீ படிவத்தைச் சிங்களத்துலயே நீட்டு. மொழி முறைப்பாடு சொல்லவும் ஒரு போன் நம்பர் வச்சாங்க: 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த வருசம்டா அது! போன் பண்றவன் பழசை மறந்திரக் கூடாதேன்னு எவ்வளவு அக்கறை பாரு.

அப்பறம் கடிதம். தோட்டத்து லயத்துல குடியிருக்கிற ஆளுக்குத் தனி விலாசம் ஏது? தபால் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்க தூங்கி எந்திரிச்சு, நேர்முகம் முடிஞ்ச மறுவாரம் புள்ள கைக்கு வரும். கேட்டா, "நாங்க அப்பவே அனுப்பிட்டோமே"ன்னு சொல்லு. குத்தம் உன் தலையில விழாது.

சிரிச்சிட்டியா? இதைச் சிரிக்காம கேளு. மீரியபெத்த தோட்டம் நமக்குத் தூரமில்ல. அங்க மண்சரிவு அபாயம் இருக்கு, சனத்தை வேற எடத்துக்குக் கொண்டு போங்கன்னு தேசிய கட்டிட ஆராய்ச்சிக்காரங்க 2005-லயும் சொன்னாங்க, 2011-லயும் சொன்னாங்க. 2014 ஒக்டோபர் 29 காலையில மலை எறங்கி வந்து லயத்தை மூடிருச்சு. அதுக்கப்பறமும் மேலிடத்துப் பதில் இதேதான்: "முன்னமே சொல்லிட்டோமே." சொன்னீங்க சாமி, போறதுக்கு எடத்தைக் காட்டினீங்களா? தப்பிச்சவங்களுக்கு 75 வீடு கட்டிக் குடுத்தது 2016 ஒக்டோபர்ல. வீடு கட்ட முடியும்னு மலை சரிஞ்ச பொறவுதான் தெரிஞ்சுச்சு.

அதனால ராசா, மந்திரியெல்லாம் வேணாம்டா. வந்தவனை உக்காரச் சொல்லு. அவன் பாசையில பேசு. எப்ப முடியும்னு தேதி சொல்லு. முடியாதுன்னா இன்னைக்கே முடியாதுன்னு சொல்லிரு. நீ சொன்னது முக்கியமில்ல, அவனுக்கு வெளங்குச்சா, வேலை நடந்துச்சான்னு பாரு. நாளைக்கு வாங்கன்னு மட்டும் சொல்லிராத. அவனுக்கு நாளைக்கும் காலையில வேலைக்குப் பெரட்டு இருக்கு; போற பேருக்கு உன் கம்பெனி காசு தராது.