ஆணைக்கு மட்டும் அதிவேகம்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கும் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமை மடம் உள்ள ஊர். சமணத்தில் தானம் நான்கு: உணவு, மருந்து, அபயம், சாஸ்திரம். அந்த நாலாவது தானத்துக்காக ஓலை வாரி, எழுத்தாணி பிடித்து, ஏடு பெயர்த்தெழுதிக் கொடுத்தார்கள். டெண்டர் கிடையாது. துணை ஒப்பந்தக்காரர் கிடையாது. திட்ட மதிப்பீடு திருத்தப்படவில்லை. ஏடு போய்ச் சேர்ந்தது.

அறிவை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் அந்த வேலையை இப்போது அரசு எடுத்துக்கொண்டது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாட்டின் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கும் இணையம் கொண்டுபோகக் கண்ணாடி இழை. செலவு சுமார் 20,000 கோடி ரூபாய். இரண்டே ஆண்டில் முடியும் என்றார்கள். 2013 வந்தது, போனது. 2015இல் திட்டத்துக்கு பாரத்நெட் என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயர் மாற்றக் குழி தோண்ட வேண்டியதில்லை அல்லவா? 2017 கடைசியில் ஒரு லட்சம் ஊராட்சி முடிந்ததாகக் கணக்கு வந்தது. 2020 சுதந்திர தினத்தில் செங்கோட்டையிலிருந்து பிரதமர் சொன்னார்: ஆயிரம் நாளில் ஆறு லட்சம் கிராமங்கள். அந்த ஆயிரம் நாள் 2023 மே மாதம் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமைச்சரவை இன்னும் சுமார் 1.39 லட்சம் கோடி ஒதுக்கியது.

தவணை தவறினால் நமக்கு அபராதம். அவர்களுக்குக் கூடுதல் நிதி.

தில்லியை மட்டும் திட்டினால் சென்னை கோபித்துக்கொள்ளும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொடுக்க 2018இல் தனிக் கழகமே தொடங்கினோம். சுமார் 1,950 கோடி டெண்டர் போட்டார்கள். நிபந்தனைகள் சிலருக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டன என்று அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு புகார் செய்தது. டெண்டரை ரத்து செய்யும்படி 2020 ஜூனில் மத்திய அரசு உத்தரவிட்டது. அது எந்த ஜூன் என்று நினைவிருக்கிறதா? பள்ளிகள் பூட்டிக் கிடந்த ஜூன். பிள்ளைகள் பாடம் கேட்க மொட்டை மாடியிலும் மரத்திலும் ஏறி சிக்னல் தேடிய ஜூன். ஆட்சி மாறியது, டெண்டரும் மாறியது. 2023 மார்ச்சில் கன்னியாகுமரி மாவட்டத்தில் பணி தொடக்க விழா நடந்தது.

இழைதான் தாமதம். ஆணைகள் ஒருநாளும் தாமதமாகவில்லை.

நூறு நாள் வேலையில், தனிநபர் பயன் பணிகள் தவிர எல்லாப் பணியிடத்திலும் செயலி வழி வருகைப்பதிவு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு இழை இழுக்க விழா எடுத்ததற்கு இரண்டு மாதம் முன்பே இந்த உத்தரவு வந்துவிட்டது. ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நிற்கும் அம்மாவின் முதுகு வலிக்குச் சாட்சி உண்டு. அவர் வெட்டிய குழிக்கும் சாட்சி உண்டு. படம் ஏறவில்லை என்றால் கூலிக்குச் சாட்சி இல்லை. ரேஷன் கடையில் விரல் வைத்தால் "சர்வர் இல்லீங்க, சாயங்காலம் வாங்க" என்பார்கள். நெல்லைக் கொள்முதல் செய்ய முன்பதிவு இணையத்தில். பட்டா, சிட்டா இணையத்தில். பிரதமரின் விவசாயி உதவித்தொகைக்கு ஆதார் சரிபார்ப்பும் இணையத்தில். எல்லாம் உங்கள் விரல் நுனியில் என்று விளம்பரம் போடுகிறார்கள். அந்த விரல் நுனியைத் திண்டிவனம் கொண்டுபோகப் பஸ் காசு யார் கொடுப்பது?

இதற்கெல்லாம் பணம் இல்லாமலா? தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம், கிராமங்களுக்குச் சேவை கொண்டுபோகவென்றே, தனி நிதிக்குப் போகிறது. நிறுவனம் அதைத் தன் வீட்டுக் காசிலா கட்டும்? ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொருவரும் கட்டுகிறோம். சிக்னல் தேடிக் கரையேறும் அம்மாவும் கட்டுகிறார். அந்த நிதியில் பெருந்தொகை ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது. 2024இல் அதற்கும் பெயர் மாற்றினார்கள்.

நம் அமைச்சரவை ஒப்புதல் தந்த அதே 2011இல் இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கம் சில கிராமத்துக்காரர்கள் கூடினார்கள். பெரிய கம்பெனி வராது என்று தெரிந்ததும், தாங்களே சங்கம் அமைத்தார்கள். பங்குத்தொகை போட்டார்கள். தங்கள் வயலில் தாங்களே குழி தோண்டி இழை பதித்தார்கள். விநாடிக்கு ஒரு கிகாபிட், தொடக்கத்தில் மாதம் 30 பவுண்டு. குழி தோண்டுவதில் நம் நூறு நாள் வேலைக்காரர்கள் அவர்களுக்கு எந்த விதத்தில் குறைச்சல்? இங்கே குழியும் உண்டு, ஆளும் உண்டு. அனுமதிக் கடிதம்தான் வர வேண்டும்.

இழை வந்துசேர்ந்த ஊராட்சிகளின் கதை தனி. சேவை மையத்தில் ரேக் ஒன்றும் யூபிஎஸ் ஒன்றும் வைப்பார்கள். மின்சாரத்தைத் துண்டிக்காதே, திருடினால் வழக்கு என்று மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கும். கண்ணாடி இழையில் செம்பு இல்லை. காயலான் கடைக்காரர்கூட எடைக்கு வாங்க மாட்டார். இணைப்பு கொடுக்காத இழையால் திருடனுக்கும் பயனில்லை, ஊருக்கும் பயனில்லை. அந்த வகையில் இது சமத்துவத் திட்டம்.

வருஷத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. அடுத்ததில் எழுந்து கேளுங்கள். எங்கள் ஊருக்கு இழை எந்தத் தேதியில் வரும், பள்ளிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் எப்போது இணைப்பு, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார். பதில் வரும்வரை கைப்பதிவேட்டில் போட்ட கையெழுத்துக்கே கூலி தர வேண்டும் என்றும் தீர்மானம் போடுங்கள். முக்கியமாக ஒன்று. கூட்டம் நடந்ததற்கான படத்தையும் விவரத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். திண்டிவனத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.